ஓசியில் உருளாத சைக்கிள்

எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அத்தானைத் தனுஷ்கோடி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மோவாயும் மீசையும் வந்துவிட்டன. மூக்குக்கு மேலே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மைதாப் பசையும் சிவகாசி வெயிலும் கூட்டுச் சேர்ந்தால் சிமெண்டு கம்பெனிக்காரன் கடையைக் கட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

பின்னால் அத்தான் ராஜபாண்டியனின் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்த எல்லாரும் சொல்லிவைத்ததுபோல் எதிர்ச்சுவரையே பார்த்தார்கள்.

"யாரு அது, போஸ்டரக் கிழிக்கிறது?"

"செத்தவரு மச்சினன்தான். சொர்ணலட்சுமிக்குக் கூடப்பொறந்த தம்பி."

"இன்னைக்கேவா? பதினாறு கழியட்டும்னுகூடப் பொறுக்கலையே மனுசன்."

மூன்றாவது ஆள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவரும் பிரஸ் வைத்திருப்பவர். எழவு வீட்டுக்கு வந்தாலும் கண் தொழிலை விட்டு நகராது. "நாலு கலரும் மயிரிழை வெலகல பாருங்க. மஞ்சள்தான் ஒரு பொட்டு தூக்கல்" என்றார்.

தனுஷ்கோடிக்கு மஞ்சளைப் பற்றிக் கவலை இல்லை. போஸ்டரில் அத்தான் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, ஆனைக்குட்டம் அணைக்கட்டு ரோட்டில் சைக்கிள்மேல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே, பிரஸ் தொழிலாளர்கள் சார்பில், 'எங்கள் அன்பு முதலாளி இன்று அதிகாலை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோதே இறைவனடி சேர்ந்தார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவரும் தனுஷ்கோடிதான்.

காலையில் அக்காவின் போன் வந்தபோது அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு ஓடிவந்தார். போர்ட்டிகோவில் அத்தான் நாற்காலியில் சாய்ந்திருந்தார், பேப்பர் படிக்கையில் கண்ணசந்தவரைப் போல. அவர் எதிரே சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அந்த நேரத்தில் பிரஸ் போர்மேன் சங்கிலிமுத்து போனில் அழுதுகொண்டே, "எப்பிடி அண்ணாச்சி? என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று தனுஷ்கோடிக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டு, பேச்சுதான் மூலதனம். கண்ணுக்கு எதிரே சைக்கிள் நின்றது. "சைக்கிள் ஓட்டிக்கிட்டிருக்கும்போதே போயிட்டாரு, சங்கிலி. மகராசன், மிதிச்சுக்கிட்டே போயிட்டாரு" என்றார். சொல்லும்போது அது நன்றாகத்தான் இருந்தது. தனக்கே ஒரு ஆறுதல்போலக்கூட இருந்தது.

வேறு ஊராக இருந்தால் அந்த வார்த்தை காற்றோடு போயிருக்கும். இது சிவகாசி. வாயிலிருந்து விழுந்த வார்த்தை தரையைத் தொடுவதற்குள் நாலு கலரில் அச்சாகிவிடும். பத்து மணிக்கெல்லாம் போஸ்டர் சுவரில். மைக் கட்டிய ஆட்டோ அதே வரியைத் தெருத்தெருவாகப் படித்துக்கொண்டு போனது. அதைக் கேட்டுத்தான் அக்கா அவரை உள்ளே கூப்பிட்டாள்.

ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் சொர்ணலட்சுமி அழாமல் உட்கார்ந்திருந்தாள். 

"யாருடா சொன்னா, சைக்கிள் ஓட்டுறப்பன்னு?"

தனுஷ்கோடி தரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு அவுக ஓட்டவே இல்லடா. சைக்கிள வெளிய எடுத்தாக, தொடைச்சாக, காத்தடிச்சாக. அப்புறம், 'இன்னைக்கு வேணாம் சொர்ணம், ஒரு மாதிரியா இருக்கு, காபி குடு'ன்னாக. நான் போட்டு எடுத்துட்டு வாறதுக்குள்ள..." சொர்ணலட்சுமி சேலை நுனியை விரலில் சுற்றினாள். "அந்தக் காபி இன்னும் அங்கனதான் இருக்கு. ஒருத்தரும் எடுக்கல."

"அக்கா, நான்..."

"அந்தச் சைக்கிள் எம்மக வாங்கிக் குடுத்தது. வேணாம் வேணாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். இப்ப அவ வந்து இந்தப் போஸ்டரப் பாத்தான்னா என்னத்துக்காவா? தான்தான் அப்பனக் கொன்னோம்னு ஆயுசுக்கும் தூங்க மாட்டா. நீ போட்டத நீயே எடு. அவ வாறதுக்குள்ள எடு."

ரோஷினி பெங்களூரிலிருந்து மதுரைக்கு விமானத்தில் வருகிறாள். ஒரே பிள்ளை. காலையில் விஷயத்தைச் சொன்னபோதே, "எப்படின்னு இப்ப சொல்லாதீங்க மாமா. நான் நேர்ல வந்து கேட்டுக்கிறேன்" என்று போனை வைத்தவள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மதுரையில் இறங்கி, டாக்ஸி பிடித்து, விருதுநகர், திருத்தங்கல் வழியாக வருவாள். வழியெல்லாம் அப்பன் சிரித்துக்கொண்டு நிற்பான்.

சைக்கிள் வந்தது ஐந்து மாதத்துக்கு முன்னால். டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார். மகள் சைக்கிள் அனுப்பினாள். அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது தெருவே கூடியது. கியர் இல்லை. கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, மணி இல்லை. கடைசியில் பின்சக்கரத்தில் ப்ரீவீலும் இல்லை என்று தெரிந்தபோது, தனுஷ்கோடி, "அத்தான், பெட்டிய நல்லாப் பாருங்க. மிச்சம் அடுத்த லோடுல வருதோ என்னவோ" என்றார். தெரு சிரித்தது.

ப்ரீவீல் இல்லையென்றால், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருளமுடியாது. காலால் எதிர்த்து அமுக்கினால் வேகம் குறையும். அமுக்கத் தெரியாவிட்டால் சைக்கிள் கொண்டுபோகிற இடத்துக்குப் போகவேண்டியதுதான். ஊர் அதற்கு 'பிரேக் இல்லாத சைக்கிள்' என்று பெயர் வைத்தது.

ஆனால் அத்தானுக்கு அது பிடித்துப்போனது. முப்பது வருஷமாகப் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்தவர். எந்தத் திருப்பத்திலும் அவசரப்பட்டதில்லை, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அப்படிப்பட்டவர் விடியற்காலையில் கிளம்பி, வியர்த்து நனைந்து வந்து சொல்வார்: "நம்ம ஆப்செட் மிஷின் மாதிரி மாப்ள. ஒரு சிலிண்டர் சுத்துனா அடுத்ததும் சுத்தணும். ஓசியில உருளுற சோலியே இதுல கெடையாது."

"நமக்கு ஓசியில உருளுறதுதான் அத்தான் சோலியே" என்பார் தனுஷ்கோடி, தொப்பையைத் தடவிக்கொண்டு. அத்தான் சிரிப்பார். போஸ்டரில் இருந்த அதே சிரிப்பு.

இப்போது மூக்குவரைதான் கிழிந்திருந்தது. இந்த வேகத்தில் போனால் விருதுநகர் போய்ச் சேர முப்பதாம் நாள் விசேஷம் வந்துவிடும். தனுஷ்கோடி சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டார்.

"போஸ்டர் எங்கன வரைக்கும் ஒட்டியிருக்கு, சங்கிலி?"

"திருத்தங்கலத் தாண்டியிருப்பாக அண்ணாச்சி. விருதுநகர் முட்ட ஒட்டச் சொல்லிட்டேன். மொதலாளிக்கு நாம கொறைச்சல் வைக்க முடியுமா?"

"அதக் கிழிக்கணும்யா."

அந்தப் பக்கம் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "எந்த ஊர்லயும் இல்லாத வழக்கமா இருக்கு அண்ணாச்சி" என்றார் சங்கிலிமுத்து, உடைந்த குரலில். "என் கையால அடிச்சது."

"போட்ட வரி தப்புய்யா. தப்பு என்னுது."

இதைக் கேட்டதும் சங்கிலிமுத்துவின் குரல் தேறியது. வரி தப்பு என்றால் அது தொழில். லேபிளில் தப்பு வந்தால் இந்த ஊரில் யாரும் லேபிளைக் கிழிப்பதில்லை. தப்பின்மேல் அதே அளவுக்கு ஒரு துண்டு ஸ்டிக்கரை அடித்து ஒட்டிவிடுவார்கள். பட்டாசுப் பெட்டியில் பழைய விலைக்குமேல் புது விலை உட்கார்ந்திருப்பது அப்படித்தான். "அதச் சொல்ல வேண்டியதுதான அண்ணாச்சி. உடனே வாங்க. பிரீத்திகாவ உக்காரச் சொல்றேன்."

வருவது எப்படி? தனுஷ்கோடியின் கார் பந்தலுக்கும் ஐஸ்பெட்டி வந்த வேனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரைப் பங்காளி ஒருவர் மாலை வாங்க எடுத்துப் போயிருந்தார். சங்கிலிமுத்துவின் மொபெட்டில்தான் போஸ்டரே போயிருந்தது. போர்ட்டிகோவில் சைக்கிள் நின்றது.

அவர் அதன் கைப்பிடியைத் தொட்டதும், உள்ளேயிருந்து அத்தானின் அக்கா மூக்கம்மாள் பார்த்துவிட்டாள். விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியை எடுத்தாள்.

"நிக்காத சைக்கிளுல
நெடுந்தூரம் போனியோ – என் தம்பி
புடிக்கக் கட்டை இல்லாம
போயிச் சேந்த சீமையெது?"

"ஆமாமா, பிரேக்குக் கட்டையே இல்லியாமில்ல" என்று பந்தலில் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு உரை சொன்னார்.

பாட்டை நிறுத்திவிட்டு மூக்கம்மாள் சாதாரணக் குரலில், "தம்பி, அந்தச் சனியனத் தொடாதீக. ஒரு நாளுல ஒண்ணு போதும்" என்றாள்.

"பிரஸ் வரைக்கும்தான் மதினி."

போஸ்டருக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம். மைக் ஆட்டோவை மடக்கிப் பிடிக்கலாம். ஒப்பாரிக்கு என்ன ஒட்டுவது என்று யோசித்துக்கொண்டே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

முதல் நாலு மிதி மரியாதையாகத்தான் போனது. ஐந்தாவது மிதியில், ஐம்பது வருஷப் பழக்கத்தில், காலைச் சற்று நிறுத்திப் பார்த்தார். சைக்கிள் நிறுத்தவில்லை. பெடல் மேலே வந்து அவர் முழங்காலைத் தூக்கி அடித்து, ஆளையே இருக்கையிலிருந்து ஒரு முழம் எழுப்பிவிட்டது. பந்தலில் யாரோ "ஏ..." என்றார்கள். நிற்கலாம் என்றால் நிற்க வழி தெரியவில்லை. தெருமுனையில் வேட்டியின் ஒரு நுனியைச் செயின் கவ்வி, கிரீஸோடு மென்று, கிழித்துத் துப்பியது. எதிரே மாலையோடு வந்தவர்கள் கும்பிட்டார்கள். கைப்பிடியை விட்டுக் கும்பிட முடியாததால் தனுஷ்கோடி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். மச்சினன் துக்கத்தில் இப்படி ஆகிவிட்டான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அதுவும் முழுப் பொய் இல்லை.

பிரஸ் வாசலில் வெட்டுக்காகித மூட்டைகள் குவிந்திருந்தன. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதில் போய் விழுந்தார்.

உள்ளே பிரீத்திகா கம்ப்யூட்டர்முன் தயாராக இருந்தாள். கண் வீங்கியிருந்தது. அந்தப் போஸ்டரை வடிவமைத்தவள் அவள்தான்.

"என்ன போடணும் சார்? பழைய வரி முழுசா மறையணும். அதே அகலம் வேணும்."

"நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது."

அடித்துப் பார்த்தாள். "நாற்காலின்னா ஏதோ பதவில இருந்த மாதிரி தெரியுது சார்."

"அப்ப மாரடைப்பால்னு போடு."

"ரெண்டு பக்கமும் பழைய எழுத்து எட்டிப் பாக்கும்."

தனுஷ்கோடி நெற்றியைத் துடைத்தார். ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்பதை ஒரு துண்டு ஸ்டிக்கரில் உண்மையாகச் சொல்லவேண்டும். பொய்யாக இருந்திருந்தால் இதற்குள் பத்து சொல்லியிருப்பார்.

"காபிக்குக் காத்திருந்தபோது" என்றார்.

பிரீத்திகாவின் விரல் கீபோர்டின்மேல் நின்றது. பிறகு அடித்தாள். திரையைப் பார்த்தாள். "எழுத்த ஒரு பாயிண்ட் ஏத்துனா சரியா உக்காரும் சார்" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சங்கிலிமுத்து தாளைப் போட்டார். ஈரம் காயுமுன்னே வெட்டி, பையில் போட்டுக் கொடுத்தார்.

"நானும் வரட்டா அண்ணாச்சி?"

"எதுல வருவீரு? கேரியர்கூட இல்ல இதுல."

திருத்தங்கல் ரோட்டில் வெயில் நின்று அடித்தது. ஒவ்வொரு போஸ்டரிலும் இறங்க, ஒவ்வொரு விதமாக விழவேண்டியிருந்தது. ஒன்றில் மணல் குவியல், ஒன்றில் கரண்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடிப்பு, ஒன்றில் டீக்கடை பெஞ்சு. டீக்கடைக்காரர் எழுப்பிவிட்டு, ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்தார். "காபிக்கா?" என்றார். "எங்கன? நம்ம கடையில இல்லையே?"

"வீட்டுல."

"அப்ப சரி" என்றார், நிம்மதியாக.

சில போஸ்டர்களுக்குப் பிறகு கால் சண்டை போடுவதை நிறுத்திவிட்டது. எப்போது என்று தெரியவில்லை. மிதிப்பது யார், மிதிபடுவது யார் என்கிற கணக்கு குழம்பி, கால்கள் பாட்டுக்குச் சுற்றின. மூச்சு அதற்குத் தகுந்தபடி வந்துபோனது. அத்தானே பின்னால் உட்கார்ந்து தள்ளுவதுபோல இருந்தது என்று நாளைக்கு யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. தொடை வலித்தது, அவ்வளவுதான். ஆனால் காலையிலிருந்து முதல்முறையாகத் தலைக்குள் யாரும் பேசவில்லை. இதற்குத்தானா அத்தான் விடியுமுன்னே எழுந்து போனார்? ஒருநாளாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் தொப்பையைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டோம். ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே தனுஷ்கோடி மூக்கைச் சட்டைக்கையில் துடைத்தார்.

திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம், ஒரு கல்யாண மண்டபத்தின் நீளச் சுவர். அதில் வரிசையாக ஏழெட்டு அத்தான்கள். ரோட்டோரம் மதுரை டாக்ஸி ஒன்று கதவு திறந்து நின்றது. சுவரைப் பார்த்தபடி, தோளில் பையோடு ஒரு பெண்.

"ரோஷினி!" என்று கத்தினார். கத்தியபடியே அவளைத் தாண்டிப் போனார்.

"மாமா?"

"நில்லும்மா! நான் நின்னுட்டு வாறேன்!"

நிற்க ஒரு மணலும் இல்லை, மூட்டையும் இல்லை. ரோஷினி பையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தாள். "மாமா, வலது கை! வலது கையில பிரேக் இருக்கு! மெதுவாப் புடிங்க!"

வலது கைப்பிடியில் ஸ்டிக்கர் பை தொங்கியது. பைக்கு அடியில், ஆமாம், ஒரு பிரேக். முதல் நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. மெதுவாகப் பிடித்தார். ஐந்து மாதமாக ஊர் இல்லை என்று சொல்லிவந்த பிரேக் அவரைப் பூப்போல நிறுத்தியது.

ரோஷினி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கிழிந்த வேட்டி, கிரீஸ் அப்பிய கால், முழங்கையில் சிராய்ப்பு என்று அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். உதடு கோணியது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அழுதாள்.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே, ஒப்பிப்பதுபோல் சொன்னார். "அந்தப் போஸ்டர்ல இருக்கிறது தப்பு. அப்பா இன்னைக்கு ஓட்டல. நாந்தான் விவரம் தெரியாம ஒளறிட்டேன். காத்தடிச்சாரு, வேணாம்னுட்டாரு, உக்காந்தாரு. காபி கேட்டாரு. சைக்கிளுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது தாயி. டாக்டரும் சொல்லிட்டாரு, அடைப்பு ரொம்ப நாளா இருந்திருக்குன்னு. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் நம்பமாட்டாள் என்று பயந்தார். அவர் சொல்லும் கதைகளில் பாதிக்குமேல் கழித்துவிட்டுத்தான் அவள் சின்ன வயதிலிருந்தே கேட்பாள்.

"தெரியும் மாமா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அப்பா ஓட்டலைன்னு. தினமும் ஓட்டி முடிச்சதும் எவ்வளவு தூரம் போனாருன்னு என் போனுக்கு வந்துரும். அதுக்கு ஒரு ஆப் இருக்கு. நான் பாத்துட்டு ஏதாவது அனுப்புவேன். இன்னைக்கு வரல." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒரு நாளும் வராம இருந்ததில்ல. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. போன் பண்ணியிருக்கணும். பண்ணல. 'என்ன பாஸ், இன்னைக்கு லீவா, சோம்பேறி'ன்னு மெசேஜ் போட்டுட்டுக் குளிக்கப் போயிட்டேன். அது அவருக்குப் போய்ச் சேந்திருக்கு மாமா, படிக்கல. அவர் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறப்ப, போன் சத்தம் குடுத்திருக்கும்ல? நான்னு தெரிஞ்சிருக்கும்ல? எடுக்க முடியாம..."

தனுஷ்கோடி கைப்பிடியில் தொங்கிய ஸ்டிக்கர் பையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இந்தப் போஸ்டரப் பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நிம்மதியா இருந்துச்சு. ஆப்தான் கோளாறு பண்ணிருக்கு, அப்பா ஓட்டிக்கிட்டேதான் போயிருக்காருன்னு. ஒரு நிமிசம் நல்லா இருந்தேன் மாமா. அப்பத்தான் நீங்க வந்தீங்க."

பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஸ்டிக்கர் பை அவர் கையில் படபடத்தது. விழுந்து எழுந்து, வேட்டியைக் கிழித்துக்கொண்டு, அச்சடித்த உண்மையை அவர்தான் இத்தனை தூரம் சுமந்துவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறார்.

"போன் உள் ரூம்ல சார்ஜ்ல கெடந்துச்சு" என்றார். "அப்பா வெளிய உக்காந்திருந்தாரு. சத்தம் கேட்டிருக்காது."

காலையில் அத்தானின் சட்டைப்பையிலிருந்து அந்தப் போனை எடுத்து, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டியது தனுஷ்கோடிதான். சொர்ணலட்சுமிக்குக்கூடத் தெரியாது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொய்யை அவர் பவுடர் பூசாமல், பொட்டு வைக்காமல், இருந்தது இருந்தபடியே நிறுத்தினார். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

ரோஷினி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"உள் ரூம்லயா?"

"ம்."

அவள் மெல்லத் தலையாட்டினாள். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் கையிலிருந்த பையைப் பார்த்து, "என்ன அது?" என்றாள். ஒரு துண்டை எடுத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"இதையா ஒட்டிக்கிட்டு வர்றீங்க?"

"ஒங்கம்மா ஒட்டச் சொல்லல. எடுக்கத்தான் சொன்னா. இது நம்ம ஏற்பாடு."

"எத்தனை ஒட்டியிருக்கீங்க?"

"சிவகாசியில இருந்து இங்கன வரைக்கும் கண்ணுல பட்டதெல்லாம்."

"அப்ப இங்கன இருந்து அங்கிட்டு இருக்கிறது அப்படியே இருக்கட்டும் மாமா."

"ஒங்க அத்தை ஒன்னையக் கரிச்சுக் கொட்டுறாளேம்மா. பிரேக் இல்லாத சைக்கிள வாங்கிக் குடுத்துட்டன்னு பாட்டே கட்டிட்டா."

"கட்டட்டும். அப்பாவுக்குப் புடிச்சதைத்தானே வாங்கிக் குடுத்தேன்."

இப்படியாக, சிவகாசியிலிருந்து திருத்தங்கல் வரைக்கும் ராஜபாண்டியன் காபிக்குக் காத்திருந்து இறந்தார். திருத்தங்கலிலிருந்து விருதுநகர் வரைக்கும் சைக்கிள் மிதித்துக்கொண்டே போனார். இரண்டு ஊர்க்காரர்கள் சந்தித்துப் பேசும்போது சண்டை வரலாம். வரட்டும் என்று தனுஷ்கோடி நினைத்தார்.

ரோஷினி குனிந்து பேண்ட்டின் வலது காலை மடித்துக் காலுறைக்குள் சொருகினாள்.

"நீங்க டாக்ஸியில வாங்க மாமா. நான் இதுல வர்றேன்."

"தூக்கப் போற வீட்டுக்கு சைக்கிள்லயா? வாசல்ல அம்புட்டுப் பேரும் உக்காந்திருக்காக, தாயி."

"இருக்கட்டும்."

டாக்ஸியின் முன்சீட்டில் ஏறி, தனுஷ்கோடி வலித்த தொடைமேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டார். ரோஷினி போக்குவரத்தைத் திரும்பிப் பார்த்து, ஒரே மிதியில் ரோட்டில் ஏறினாள். அவளுக்கு அந்தச் சைக்கிள் குதிக்கவில்லை, உதைக்கவில்லை.

"முந்திரலாமா சார்?" என்றார் டிரைவர்.

"வேணாம். அவ பின்னாலயே போங்க."

திருத்தங்கல் தாண்டிப் பாலத்து இறக்கம் வந்தது. பக்கத்தில் பால் கேனோடு போன ஒருவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு, காலைத் தளர்த்தி, சுகமாக உருண்டு இறங்கினார். ரோஷினியின் கால்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. இறக்கம் கூடக்கூட இன்னும் வேகமாகச் சுற்றின. அவள் தோள் குலுங்குவது அந்த வேகத்தாலா வேறெதனாலா என்று பின்னால் இருந்து பார்த்தால் தெரியவில்லை. டாக்ஸி இரண்டாவது கியரில் ஊர்ந்தது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. டிரைவர் கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்தார், பிறகு தனுஷ்கோடியைப் பார்த்தார்.

அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மெதுவாக வரும்படி பஸ்ஸுக்குச் சைகை காட்டினார்.